முனிரத்தினம் சுட்டது

துப்பாக்கிகளுக்கு மதிப்புப் போட வேலூரிலிருந்து ஓர் அம்மாள் வரப்போகிறார் என்ற சேதி சுபேதார்பேட்டைக்கு எட்டியதும், எங்கள் ஊர் செய்யக்கூடாத ஒரே காரியத்தைச் செய்தது. அதையும் வரிசை கட்டி, விசில் ஊதி, ஒழுங்காகச் செய்தது. நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போன ஊர் இது. வெள்ளைக்காரன் காலத்து இரண்டு பெரிய சண்டைகளுக்கும் போனார்கள், அதற்கப்புறம் வந்த சண்டைகளுக்கும் போனார்கள், சண்டை இல்லாத காலத்திலும் சும்மா இருக்கப் பிடிக்காமல் போனார்கள். திரும்பி வந்தவர்கள் பென்ஷனோடும் மூட்டுவலியோடும் வந்தார்கள், வராதவர்களுக்குப் பதிலாகச் சர்க்கார் சில பழைய ரைபிள்களை அனுப்பிவைத்தது. அவற்றின் சுடும் ஊசிகளைக் கழற்றிவிட்டு, படைவீரர் மண்டபத்துச் சுவரில் வரிசையாக மாட்டி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு தகரப் பலகையில் ஆளின் பெயரையும் அவர் செய்த காரியத்தையும் பெயிண்டர் தாஸ் இரண்டே வார்த்தையில் எழுதியிருந்தார்: ராஜமாணிக்கம் ஏந்தியது, அரிகிருஷ்ணன் சுமந்தது, குப்புசாமி காத்தது என்று. கடைசியில், ஜன்னல் ஓரமாக, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக, திரும்பி வந்த ஒருவர் கொண்டுவந்து கொடுத்த ஓர் இத்தாலியக் கைத்துப்பாக்கி தொங்கியது. அதன் கீழே இருந்த பலகையில் ‘முனிரத்தினம் சுட்டது’ என்று எழுதியிருந்தது.

எங்கள் ஊருக்கு அந்த ஒரு பலகை போதும், வருஷக்கணக்காகச் சிரிக்க. முனிரத்தினம் இதைக் கொண்டு எதிரியைச் சுட்டார் என்று தாஸ் மெச்சி எழுதினாரா, முனிரத்தினம் இதைப் பட்டாளத்து ஆயுதக் கிடங்கிலிருந்து சுட்டுக்கொண்டு வந்தார் என்று குத்திக் காட்டினாரா, தெரியாது; கேட்கலாம் என்றால் தாஸ் போய்ச் சேர்ந்துவிட்டார். முனிரத்தினத்தையே கேட்டவர்களுக்கு அவர் உயிரோடு இருந்த வரையில் கிடைத்த பதில், “சுட்டேன், கெடச்சுது” என்பதுதான். ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் இத்தாலிக்காரனோடு சண்டை நடந்த இடத்திலிருந்து வந்த மனுஷன், சாயங்காலம் முழுக்கக் கதை சொல்ல வேண்டியவர், அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். சொல்லாதவன் வீட்டுக்கு ஊரே கதை கட்டும் இல்லையா, நாங்கள் கட்டினோம். அவர் வீடு சுட்ட வீடு ஆனது, அவருடைய ஒரே மகள் தனபாக்கியம் சுட்டவர் மகள் ஆனாள்.

தனபாக்கியம் ஐம்பதைத் தாண்டியவள். பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியில் மோட்டார் போட்டுத் தெருத்தெருவாகத் தண்ணீர் திறந்துவிடுவது அவள் வேலை. எந்தத் தெருவில் எவன் வாயிலிருந்து ‘சுட்டது’ என்ற சொல் கிண்டலாக வந்ததோ அந்தத் தெருவுக்கு அன்றைக்குத் தண்ணீர் வராது, தோசை சுட்டதைப் பற்றித்தான் பேசினோம் என்று சத்தியம் செய்தாலும் வராது. “எங்கப்பா இத்தாலிக்காரன சுட்டாரு, சுட்டுட்டுத்தான் எடுத்துக்கினு வந்தாரு” என்று குழாயடியிலும், கோயில் வாசலிலும், கல்யாணப் பந்தியிலும், சாவு வீட்டிலும்கூட அவள் சண்டை போட்டிருக்கிறாள். அப்பாவை எரித்துவிட்டு வந்த அன்றைக்குக்கூட, தலை ஈரம் காய்வதற்குள், ஒருவனோடு இதற்காக மல்லுக்கு நின்றாள்.

இப்படி இருக்கும்போதுதான் கலெக்டர் ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. ஊர் மண்டபங்களில் கிடக்கும் பட்டாளத்துத் துப்பாக்கிகளுக்கெல்லாம் மதிப்புப் போட வேண்டும்; எது என்ன, யாரிடமிருந்து எப்படி வந்தது என்று நிச்சயமானவை ஆளின் பெயரோடு அருங்காட்சியகத்துக்குப் போகும், நிச்சயமாகாதவை உருக்காலைக்குப் போகும் என்றது உத்தரவு. தனபாக்கியத்துக்கு விஷயம் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. கைத்துப்பாக்கி உருகிப்போனால் அவள் அப்பாவின் பெயரில் மிச்சமிருக்கப்போவது அந்தச் சிரிப்பு மட்டும்தான்; கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டால், சர்க்காரே கையெழுத்துப் போட்டுச் சொன்ன பிறகு, ஒரு பயல் வாய் திறக்க முடியாது.

சரி, நாங்கள் செய்த காரியத்துக்கு வருகிறேன். மண்டபத்துச் சங்கத்துக்குத் தலைவர் சுபேதார் ஏகாம்பரம். எண்பதை நெருங்கியும் முதுகு வளையாதவர், எண்பதை நெருங்கியும் விசிலை விடாதவர். மேலிடத்திலிருந்து ஆள் வருகிறார் என்றால் பட்டாளத்துக்காரன் மண்டைக்குள் ஒரே ஒரு மணிதான் அடிக்கும்: இன்ஸ்பெக்‌ஷன். ஊரைக் கூட்டினார், துப்பாக்கிகளை இறக்கினார், புளியைக் கரைத்தார், சாம்பலையும் செங்கல் தூளையும் கலந்தார். நாங்கள் உட்கார்ந்து தேய்த்தோம், பித்தளைக் குடத்தை விளக்குவதுபோல் விளக்கினோம், கட்டைகளை உப்புத்தாள் போட்டு இழைத்து வார்னிஷ் பூசினோம், குழாய்க்குள் தேங்காய் எண்ணெய் விட்டோம், ஆயுதபூசைக்கு வைத்த குங்குமமும் சந்தனமும் வருஷக்கணக்கில் அப்பிப்போயிருந்ததைச் சுரண்டி எடுத்தோம், அதோடு சேர்ந்து இரும்பில் பொறித்திருந்த எண்களும் பாதி வந்துவிட்டன. சாயங்காலம் துப்பாக்கிகள் வெள்ளிப் பாத்திரக் கடை மாதிரி மின்னின. சுபேதார் மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர் தில்ஷாத் பேகம். தாத்தா காலத்திலிருந்து வேலூரில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் குடும்பம். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார், கையில் ஒரு பூதக்கண்ணாடியும் திருப்புளிகள் அடங்கிய தோல் உறையும் வைத்திருந்தார். மண்டபத்துக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“யாருங்க இதத் தேச்சது?” என்றார்.

“எல்லாருமாச் சேந்துதான் மேடம்” என்றார் சுபேதார் பெருமையாக. “மூஞ்சி தெரியும், பாருங்க.”

“சுபேதார் சாப், இரும்பு மேல கருநீலமா ஒரு தோல் இருக்கும். அது அப்பவே பட்டறையில போட்டது. கட்டையில சிப்பாயோட கை அழுக்கு ஊறிப்போயிருக்கும். துப்பாக்கி உடம்புல ஒரு நம்பரு, தாழ்ப்பாள்ல அதே நம்பரு, ரெண்டும் ஒத்துப்போவுதான்னு பாக்கணும். இதெல்லாம் சேந்ததுக்குப் பேர்தான் மதிப்பு. நீங்க அதப் புளி போட்டுக் கழுவிட்டீங்க. பழசுக்கு மதிப்பே அது பழசா இருக்கறதுதானே!” அவருக்குக் கோபம் தலைக்கேறியது. கையிலிருந்த ராஜமாணிக்கத்தின் ரைபிளை மேஜைமேல் வைத்துவிட்டு, “இதுக்கு இனிமே காயலான் கடை மதிப்புதான்” என்றார்.

அவர் சொல்லி வாய் மூடியதும் ரைபிள் மேஜையை விட்டு எழுந்தது. அவசரம் இல்லாமல், பால் பொங்கி வருகிற மாதிரி மேலே போய், விட்டத்தில் முட்டி, அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

“எங்கப்பா புடிச்ச ரைபிள்மா அது! அதக் கொண்டு ஒரு கோட்டையையே புடிச்சாரு!” என்று ராஜமாணிக்கத்தின் மகன் கத்தினான். கத்தியதும் ரைபிள் விட்டத்திலிருந்து விடுபட்டு நேராகக் கீழே வந்து, மேஜையைப் பிளந்துகொண்டு, கடப்பைக்கல் தரையில் பாதிக்குமேல் இறங்கிப்போயிற்று. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை.

பேகம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். “கொறச்சிச் சொன்னா மெதக்குது, கூட்டிச் சொன்னா கனக்குது” என்றார். “வேலை சுலபம்தான். இன்னொரு மேஜை போடுங்க.”

வேலை சுலபமாக இல்லை. பேகம்மா எங்கள் ஊரிலேயே தங்கும்படி ஆயிற்று, ஆசிரியர் ஒருவர் வீட்டு மாடியில் இடம் கொடுத்தோம், மண்டபம் ராத்திரி தவிர மற்ற நேரமெல்லாம் ஜே ஜே என்று இருந்தது. மிதந்த ரைபிள்கள் ஜன்னல் வழியாகப் போய்விடாமல் இருக்கத் துணிக்கயிறு போட்டுக் கட்டினோம். கயிறு கட்டியபின் பெண்கள் வந்து அதிலேயே சட்டை காயப்போட்டார்கள். கனத்த ரைபிள்களை நகர்த்த முடியாததால் அவற்றில் ஆடு கட்டினார்கள், எந்த ஆடும் அறுத்துக்கொண்டு ஓடவில்லை. பஸ் கண்டக்டர் பத்து நிமிஷம் வண்டியை நிறுத்திவிட்டு வந்து பார்த்துவிட்டுப் போனார், பயணிகளும் இறங்கிப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு எங்கள் ஊர் டீயைத்தான் குறை சொன்னார்கள். துப்பாக்கிக்கு நடப்பது மற்றதற்கும் நடக்குமா என்று சோதிக்க ஒருத்தி தன் புருஷனைக் கூட்டிவந்து நடுமண்டபத்தில் நிறுத்தி, முதலில் வாய்க்கு வந்தபடி திட்டினாள், பிறகு மனசாரப் புகழ்ந்தாள். அவன் மிதக்கவும் இல்லை, தரையில் இறங்கவும் இல்லை, அவளுக்கு அது பெரிய ஏமாற்றமாகப் போய்விட்டது. தாசில்தார் ஆபீஸிலிருந்து, மிதக்கும் ஆயுதங்களை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று கேட்டு ஆள் வந்தான், பதில் தெரியாமலே திரும்பிப் போனான்.

மிதப்பதும் கனப்பதும் எங்களுக்கு இரண்டாம் நாளே பழகிவிட்டது. பழகாதது வேறு ஒன்று. ஒவ்வொரு ரைபிளும் அதனதன் சரியான எடைக்கு வரவேண்டும் என்றால் அதைப் பற்றிய உண்மையைச் சொல்லியாக வேண்டும், விலையை மட்டும் அல்ல, கதையையும். எங்கள் ஊரில் கதைகளுக்குத்தான் பஞ்சமே இல்லையே. ராஜமாணிக்கம் பிடித்த கோட்டை முதலில் ஒரு மேடாயிற்று, பிறகு ஒரு பள்ளமாயிற்று, கடைசியில் அந்தப் பள்ளத்தில் அவர் காய்ச்சலோடு படுத்திருந்தார் என்று அவர் மகன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னபோதுதான் ரைபிள் தரையிலிருந்து கையோடு வந்தது. அரிகிருஷ்ணன் கொன்ற ஏழு ஜெர்மன்காரர்கள் ஐந்தானார்கள், இரண்டானார்கள், கடைசியில் ஒரு கழுதையானார்கள். குப்புசாமி காத்தது பாலம் இல்லை, சாராயப் பீப்பாய். பேகம்மா ஒவ்வொன்றையும் கையில் தூக்கிப் பார்த்து, “இப்ப சரி” என்று எழுதிக்கொண்டார். சரி சரி என்று அவர் சொல்லச் சொல்ல எங்கள் வயிறு எரிந்தது. பட்டாளத்துப் பெருமையை வைத்துத்தான் பெண் எடுத்தோம், பெண் கொடுத்தோம், பக்கத்து ஊர்க்காரனை ஏறெடுத்துப் பார்க்காமல் நடந்தோம். இப்போது ஒவ்வொரு குடும்பமாக மண்டபத்துக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய், வெளியே வரும்போது தரையைப் பார்த்துக்கொண்டு வந்தது. அந்த அம்மாளை ஏன்தான் பஸ்ஸிலிருந்து இறங்கவிட்டோம் என்று ஆளாளுக்குக் கரித்துக்கொட்டினோம்.

கடைசியாக மேஜைக்கு வந்தது முனிரத்தினத்தின் கைத்துப்பாக்கி. சிரிப்புக்குக் காத்திருந்த ஊர் திரண்டு வந்தது. எங்கள் கதைகள் எல்லாம் கந்தலான பிறகு இன்னொருத்தர் கதை கந்தலாவதைப் பார்க்க எங்களுக்கு அவ்வளவு ஆசை. தனபாக்கியம் புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்து மேஜையின் முன்னால் நின்றாள்.

“எங்கப்பா இத்தாலிக்கார ஆபீசர நேருக்கு நேரா சுட்டு, அவங்கையிலிருந்து புடுங்கினாரு” என்றாள்.

கைத்துப்பாக்கி மேஜையை ஓட்டை போட்டுக்கொண்டு கீழே போயிற்று.

அவள் முகம் செத்துவிட்டது. கூட்டத்திலிருந்து ஒருவன், “அப்போ கோடவுன்லேர்ந்து சுட்டதுதான்” என்று சத்தமாகச் சொன்னான். உடனே தரைக்குள்ளிருந்து அந்தக் கைத்துப்பாக்கி துள்ளிக்கொண்டு வெளியே வந்து, சொன்னவனின் தாடையை இடித்துவிட்டு, விட்டத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. “திருடல! பாத்தீங்களா, எங்கப்பா திருடல!” என்று தனபாக்கியம் கூவினாள், கூவி முடிப்பதற்குள்ளேயே அவளுக்கு அழுகை வந்தது. சுடவும் இல்லை, திருடவும் இல்லை என்றால் பின்னே என்னதான் செய்தார்?

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. விலைக்கு வாங்கினார் என்றோம், அது இறங்காமல் விட்டத்தில் உரசியது. மணலில் கண்டெடுத்தார் என்றோம், ஒரு முழம் இறங்கியது. செத்தவன் பையிலிருந்து எடுத்தார் என்றோம், திரும்ப ஏறியது. கூட வேலை பார்த்தவன் தந்தான், சீட்டாட்டத்தில் ஜெயித்தார், ஒரு வெள்ளைக்காரியின் உயிரைக் காப்பாற்றினார் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்ல, ஏறியது, இறங்கியது, ஏறியது, இறங்கியது, யார் சொன்னதற்கும் ஓரிடத்தில் நிலையாக நிற்கவில்லை. தெருவில் போகிறவர்கள்கூட ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்து ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள். தனபாக்கியம் சோறு தண்ணீர் இல்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மோட்டார் போட மறந்துபோய் ஊருக்கே தண்ணீர் இல்லை, கேட்கவும் எவனுக்கும் தைரியம் இல்லை. “வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க, ஒரு வார்த்த சொல்லிட்டுச் செத்தா இன்னா?” என்று விட்டத்தைப் பார்த்துத் திட்டினாள். துப்பாக்கியைத் திட்டுகிறாளா அப்பாவைத் திட்டுகிறாளா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

உருக்காலை லாரி வந்து மண்டப வாசலில் நின்றது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான், வேறு மூன்று ஊர் போகவேண்டுமாம். பேகம்மா நெற்றியைப் பிசைந்துகொண்டார். “தனபாக்கியம்மா, நிச்சயமாகலன்னா ஏத்தித்தான் ஆகணும். உத்தரவு அப்படி” என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, ஏணி போட்டு ஏறி, மிதந்துகொண்டிருந்ததை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அதன் பிடியிலிருந்த திருகைக் கழற்றினார். “நீங்க வெளிய தேச்சிட்டீங்க. உள்ள தேச்சிருக்க மாட்டீங்க இல்ல?”

பிடியின் பக்கப்பலகை கையோடு வந்தது. உள்ளே இடுக்கில் வெள்ளையாக, கல் மாதிரி இறுகிப்போய் என்னவோ இருந்தது. நகத்தால் சுரண்டி, முகர்ந்து பார்த்து, விரலால் நசுக்கிப் பார்த்தார்.

“கோதுமை மாவு” என்று சொல்லிவிட்டு, துப்பாக்கியை விட்டத்திலேயே விட்டுவிட்டு ஏணியிலிருந்து இறங்கினார்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, சுபேதார் ஏகாம்பரத்தைத் தவிர. அவர் முகம் வெளுத்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அந்தச் சண்டைக்கு அவரும் போனவர்தான், வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்தவர், முனிரத்தினம் இருந்த அதே கம்பெனியில் இருந்தவர். “தனம், சொல்றதக் கேளும்மா” என்றார். “அத லாரில ஏத்திடு. வாணாம்.”

“ஏன் சித்தப்பா?”

“திருடினாருன்னு ஊரு சொல்லுதா, சொல்லிட்டுப் போவட்டும். அது ஒண்ணும் பெரிய கேவலம் இல்ல.”

“அதவுட இன்னா பெரிய கேவலம் கீது? ஒங்களுக்குத் தெரியும் இல்ல? தெரிஞ்சிக்கினே இத்தினி வருஷமா எங்கிட்ட சொல்லாம கீறீங்களா? எத்தினி பேரு வாயில வுழுந்தன் நானு, பாத்துக்கினுதானே இருந்தீங்க?” அவள் எழுந்து அவர் எதிரில் வந்து நின்ற விதத்தில், அடித்துவிடுவாளோ என்று நாங்கள் பயந்தோம்.

“உங்கப்பன் சத்தியம் வாங்கிக்கினாரும்மா” என்றார் சுபேதார். முதன்முறையாக அவர் முதுகு வளைந்தது. “உங்கப்பன் லாங்கிரிம்மா. லாங்கிரி.”

பட்டாளத்துச் சமையல்காரனுக்குத்தான் லாங்கிரி என்று பெயர். தோளில் பட்டையும் கிடையாது, கையில் ரைபிளும் கிடையாது. கூடவே போவான், குண்டு விழும் இடத்தில்தான் அடுப்பு மூட்டுவான், செத்தாலும் மற்றவர்களோடுதான் சாவான், ஆனால் எங்கள் ஊர்க் கணக்கில் அவன் பட்டாளத்துக்காரன் இல்லை. திருடனை நாங்கள் கிண்டல் செய்வோம், அவன் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிடுவோம். லாங்கிரி ஒருவன் எங்கள் ஊரில் இருந்திருந்தால் அவனை மண்டபத்துக்குள்ளேயே விட்டிருக்க மாட்டோம், விட்டாலும் டீ போடத்தான் விட்டிருப்போம். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தோம்.

சுபேதார் சொன்னார், தயங்கித் தயங்கி, ஒவ்வொரு சொல்லுக்கும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கைதிகளாகப் பிடிபட்ட இத்தாலிக்காரர்களை முள்கம்பிக்குள் உட்கார வைத்திருந்தார்கள். அதில் ஓர் ஆபீசர் யாரோடும் பேசாமல், கொடுத்ததைத் தின்னாமல், மணலையே பார்த்துக்கொண்டு கிடந்தான். பூட்ஸுக்குள் கைத்துப்பாக்கியை ஒளித்து வைத்திருக்கிறான் என்பது ஒருவருக்கும் தெரியாது, எதற்கு வைத்திருக்கிறான் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். முனிரத்தினம் அடுப்பை முள்கம்பிக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டார். அவன் பார்க்கும்படியாக மாவு பிசைந்தார், தட்டினார், கல்லில் போட்டார், ஒவ்வொரு ரொட்டியாகச் சுட்டுச் சுட்டு, சூடு ஆறுவதற்குள் கம்பி வழியாக நீட்டினார். முதல் ரொட்டியை அவன் தட்டிவிட்டான், இரண்டாவதையும் தட்டிவிட்டான். அதற்கப்புறம் வாங்கித் தின்ன ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை, அழுதுகொண்டே தின்றான். தின்று முடித்துவிட்டுப் பூட்ஸுக்குள் கையை விட்டுத் துப்பாக்கியை எடுத்து, கம்பி வழியாக இவர் கையில் வைத்தான்.

“சூடா ரொட்டி உள்ள போன பின்னால சாவறதுக்கு எவனுக்கும்மா மனசு வரும்?” என்றார் சுபேதார். “அத ஆபீசர்கிட்ட ஒப்படைச்சிருக்கணும். உங்கப்பன் மாவு மூட்டைல சொருவி எடுத்துக்கினு வந்துட்டாரு. அவரு வாங்கின ஒரே மெடலு அதான்.”

கைத்துப்பாக்கி விட்டத்தை விட்டு இறங்கியது. மெல்ல வந்து மேஜைமேல் உட்கார்ந்து, ஒரு கைத்துப்பாக்கி எப்படி இருக்குமோ அப்படிச் சும்மா கிடந்தது. பேகம்மா அதைத் தூக்கிப் பார்த்தார். “இப்ப சரி” என்று சொல்லிவிட்டு, தனபாக்கியத்தைப் பார்த்தார். “எழுதறதுக்கு வாரிசோட சம்மதம் வேணும். எழுதட்டுமா?”

“இருங்கம்மா, அவசரப்படாதீங்க” என்று எங்களில் நாலைந்து பேர் முன்னால் வந்தோம். ஆமாம், நானும்தான். கோட்டை போயிற்று, ஏழு ஜெர்மன்காரன் போனான், பாலம் போயிற்று, இப்போது அருங்காட்சியகத்தில் சுபேதார்பேட்டை என்று போட்டு அதற்குக் கீழே சமையல்காரன் என்றும் போட்டுவிட்டால் எங்களுக்கு மிச்சம் என்ன? “யோசிச்சிப் பாரு தனம், ஊரு மானம் கீது இல்ல” என்று கெஞ்சினோம். “சுட்டவருன்னே இருக்கட்டும். இனிமே ஒருத்தன் சிரிக்க மாட்டான், அதுக்கு நாங்க பொறுப்பு. லாரில போயிடட்டும்.” அவளுக்காகச் சொல்கிறோம் என்று நாங்கள் உண்மையாகவே நம்பினோம். சுபேதார்கூட, “உங்கப்பனே அதத்தாம்மா விரும்பினாரு” என்றார்.

தனபாக்கியம் மேஜைமேல் இருந்ததைக் கையில் எடுத்தாள். அவள் எங்களைத் திட்டுவாள் என்று நினைத்தோம், திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

“எழுதுங்க பேகம்மா” என்றாள். “லாங்கிரி முனிரத்தினம், ரொட்டி சுட்டதுக்குக் கெடச்சதுன்னு எழுதுங்க. பெரிய எழுத்தா எழுதச் சொல்லுங்க.”

பேகம்மா எழுத ஆரம்பித்தார். தனபாக்கியம் எங்கள் பக்கம் திரும்பினாள், ஆனால் அவள் எங்களைப் பார்த்துப் பேசவில்லை.

“எனக்கு எட்டு வயசு. எங்கம்மா படுத்த படுக்கையா கெடக்குறா. அடுப்பு எட்டாது எனக்கு, ஒரல கவுத்துப் போட்டு அதுமேல ஏறி நின்னு கேவுரு அடை தட்டுவன். ஒரு பக்கம் கருவும், ஒரு பக்கம் பச்ச மாவா இருக்கும். கை பூராவும் கொப்பளம். எங்கப்பா எதுத்தாப்ல உக்காந்து பாத்துக்கினே இருப்பாரு. ஒரு கம்பெனிக்கே சுட்டுப் போட்ட மனுசன், நான் கருக்கினத தின்னுட்டு, நல்லா கீதும்மான்னு சொல்லிட்டுத் துண்ட ஒதறிக்கினு எழுந்து போவாரு. அம்மா போற வரைக்கும் அப்படித்தான், அம்மா போன பின்னாலயும் அப்படித்தான். அவரு அடுப்புல கைய வெக்கறத எவனாவது பாத்துடுவான்னு பயம்.” கையிலிருந்ததை அவள் முகத்துக்கு நேராகத் தூக்கினாள். “கதவ சாத்திக்கினாவது கத்துக் குடுத்திருக்கலாம் இல்ல?”